நீ சொல்லாத வைத்தியம்

அன்புள்ள தம்பி,

நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை சேர்ப்பவர்கள் போன மாதம் என்னை வளைத்துப் பிடித்தார்கள். “உங்கட மகன் இஞ்ச தமிழ் படிச்சு, பிறகு கண் டொக்டரா வந்த பிள்ளை. அவரை எப்பிடி வளர்த்தனீங்கள் எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ” என்றார்கள். நானும் வாய் கூசாமல் ஓம் என்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் குசினி மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “என் மகன்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் நகரவில்லை. நீ கண் டொக்டர் இல்லை என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். சுவிஸில் இந்தத் துன் நகரத்தில் எங்களைத் தெரிந்த மற்ற எல்லாருக்கும் நீ கண் டொக்டர். அவர்களுக்கு அப்படிச் சொல்லி வைத்தவள் நான். அதனால் அவர்கள் கேட்ட இரண்டு பக்கங்களுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைத்தான் மலருக்குக் கொடுக்கப்போகிறேன். பொய்யை எல்லார் முன்னாலும் சொன்ன எனக்கு, உண்மையை உன் காதில் மட்டும் சொல்லித் தப்பிக்க உரிமை இல்லை. ஆனால் முதலில் நீ வாசிக்கவேண்டும், அதுவும் ஜப்பானுக்கு வேலைக்குப் புறப்படமுன் நீ வீட்டுக்கு வருகிற இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பொறுமையாக வாசி. பாதியில் எனக்கு ஃபோன் எடுக்காதே.

நீ மருத்துவம் படிக்கப் போனது உண்மை. அந்த நுழைவுப் பரீட்சையில் நீ தேறிய அன்று நான் வேலை செய்யும் ஹோட்டலின் சலவைப் பகுதி முழுவதற்கும் கேசரி கிண்டிக்கொண்டு போனேன். இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து, சாப்பாட்டுக்கு முன்னாலேயே, “அம்மா, நான் மாறப்போறன். பயோலஜி” என்றாய். உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றோ, இதில் என்ன பிடித்தது என்றோ நான் கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்த முதல் சொல், “ஊருக்கு என்னத்தைச் சொல்லுறது?” நீ சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாய். “உண்மையைச் சொல்லுங்கோ அம்மா, அது ஈஸி” என்றாய். இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு ஈஸியாக இருந்தது, பெற்றவளுக்கு எட்டு வருடமாக வரவில்லை.

நினைத்துப் பார்த்தால் அதற்கு முன்பே எனக்கு அடையாளம் காட்டித்தான் இருந்தாய். பதினாலு வயதில் குளத்துத் தண்ணீரை ஜாம் போத்தலில் பிடித்து வந்து ஜன்னலடியில் வைத்திருந்தாய், நினைவிருக்கிறதா? உள்ளே பாசித் தண்டில் நூல் துணுக்கைப்போல நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஹைட்ரா என்றாய். சொறிமுட்டைக்கு, அதுதான் ஜெல்லிமீனுக்கு, நெருங்கிய சொந்தம் என்றாய். “இதுக்குக் கண் இல்லை அம்மா, மூளையும் இல்லை. ஆனா வெளிச்சம் வந்தாத் தெரியும்” என்று சொல்லி, போத்தலின் ஒரு பக்கத்தைக் கறுப்புக் கடதாசியால் மூடினாய். அடுத்த நாள் பார்க்க அவை வெளிச்சப் பக்கத்துக்கு வந்திருந்தன. நான் “ம்” என்றேன். அந்தக் கிழமையே வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று, நாற்றத் தண்ணீர் என்று, போத்தலைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நீ அழவில்லை. போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஒன்றாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாய். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். கேட்கவேண்டியவற்றில் இது மிகச் சின்னது.

பொய் சொல்வதற்கு நான் பெரிதாகப் பாடுபடவில்லை. கோயில் தேருக்குப் போனால், “தம்பி என்ன, இப்ப டொக்டராய் வந்திட்டாரோ?” என்பார்கள். “இன்னும் படிக்கிறான், கண்ணில ஆராய்ச்சி செய்யிறான்” என்பேன். கேட்டவர் முகம் மலரும். அந்த மலர்ச்சியில் எனக்குத் தலை ஓரங்குலம் நிமிரும். அடுத்த கலியாண வீட்டில் அதையே இன்னும் கொஞ்சம் நீட்டுவேன். ஒரு கட்டத்தில் நீ ஆஸ்பத்திரியில் வாட்டுச் சுற்றுவதாகக்கூடச் சொன்னேன், என்ன நிறக் கோட்டு என்பதுவரை. அப்பாவைக் கேட்டால் அவர் “படிக்கிறான்” என்று ஒரே சொல்லோடு கோப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். வீட்டுக்கு வந்து, “உம்மட பொய்க்கு நான் சாட்சி சொல்ல மாட்டன்” என்பார். நான் அவருக்குப் பொறாமை என்றேன். பெற்ற தகப்பனுக்குப் பிள்ளையில் பொறாமையாம்! அந்த அளவுக்கு எனக்கு மண்டை கழன்றிருந்தது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ அன்ரி என்று கூப்பிடுகிறவர்தான், என்னோடு சலவைப் பகுதியில் இருபது வருடமாக நிற்பவர், நீ சின்னவனாக இருந்தபோது பனிக்காலத்தில் தன் காரில் உன்னையும் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர். பெயரை எழுதலாமா என்று அவரைக் கேட்க எனக்குத் துணிவு இல்லை. அக்கா என்றே எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், பனி உருகிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, நாங்கள் இரண்டு பேரும் பெரிய கட்டில் விரிப்புகளை ஆளுக்கொரு நுனியாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அக்கா நுனியை விட்டுவிட்டு வலக்கண்ணைக் கசக்கினார். “பிள்ளை, கண்ணுக்குள்ள மின்னுது. பக்கத்தில ஆரோ ஃபோட்டோ எடுக்கிற மாதிரி. கறுப்புப் பொட்டுப் பொட்டா ஓடவும் செய்யுது” என்றார். பிறகு, “தம்பியிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுமன். இவங்களுக்கு ஃபோன் எடுத்து ஜெர்மனில விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது. எங்கட பிள்ளை எண்டால் தமிழில சொல்லும்” என்றார்.

நான் ஃபோனை எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போனேன். அங்கே குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உன் பெயரைத் திரையில் எடுத்தேன், அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். “அம்மா, எனக்கென்ன தெரியும், உடன டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றிருப்பாய். அக்கா ஃபோனை வாங்கி உன்னோடு நேரே கதைத்திருப்பார். “தம்பி எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டிருப்பார். நான் கட்டிய கோபுரம் முழுக்கச் சரிந்திருக்கும். ஜன்னலால் அக்கா பார்க்கக்கூடும் என்று ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டேன். தம்பி, உதட்டையும் அசைத்தேன். ஒரு ஆள் கதைத்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் குப்பைத் தொட்டியோடு கதைத்துவிட்டு உள்ளே வந்து, “களைப்பாம் அக்கா. கண்ணுக்கு ஓய்வு குடுக்கட்டாம். மருந்துக்கடையில துளி மருந்து வாங்கி விடச் சொன்னவன்” என்றேன். அக்காவின் முகம் தெளிந்தது. “பிள்ளை நல்லா இருக்கோணும்” என்று உன்னை வாழ்த்தினார்.

நாலு நாள் அந்தத் துளியை விட்டார். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை காலை, கார் ஓட்டிக்கொண்டு வேலைக்கு வரும் வழியில், வலக்கண்ணில் கீழேயிருந்து ஒரு கறுப்புச் சேலையை ஆரோ இழுத்து உயர்த்துவதுபோல இருக்கிறது என்று காரை ஓரம் கட்டினார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், நான்தான் மொழிபெயர்த்தேன். விழித்திரை கழன்றுவிட்டது என்றார் டொக்டர். கண்ணின் பின்சுவரில் கடதாசிபோல ஒட்டியிருக்கும் படலம் அது. “ஏன் முதல் நாளே வரவில்லை?” என்று கேட்டார். நான் அதைத் தமிழில் அக்காவிடம் கேட்டேன். அக்கா சொன்னார்: “உம்மட மகனும் கண் டொக்டர்தான், அவர் களைப்பெண்டு சொன்னவர் எண்டு சொல்லும்.” நான் டொக்டர் பக்கம் திரும்பி, “களைப்பு என்று இவர் நினைத்துவிட்டார்” என்று ஜெர்மனில் சொன்னேன். டொக்டர் தலையை ஆட்டி, மின்னல் கண்ட அன்றே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது ஓபரேஷன் செய்தாலும் நடுப்பார்வை திரும்புவது கஷ்டம் என்றார். “என்னவாம் பிள்ளை?” என்றார் அக்கா. “எப்ப வந்திருந்தாலும் இப்பிடித்தானாம் அக்கா” என்றேன். ஒரு மேசையில் இரண்டு பக்கமும் இருந்த இரண்டு பேருக்கும் நான் ஒருத்தியே பொய் சொன்னேன். இரண்டு பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

ஓபரேஷனுக்குப் பிறகு வலக்கண்ணில் நிழலாட்டம் மட்டும் தெரிந்தது. ஒற்றைக் கண்ணோடு ஓட்டப் பயந்து அக்கா காரை விற்றுவிட்டார். நாங்கள் ஏரிக்கரை பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கினோம். இரண்டு வருடமாக நான் அவருடைய வலப்பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். நெரிசலில் இடிபடாமல் காப்பாற்றத்தான் என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்தால் என் முகம் அவருக்குத் தெரியாது. அவர் உன்னைப் புகழும்போது நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வாழ்த்திய ஒவ்வொரு வாழ்த்தும் என்னைச் செருப்பால் அடித்தது. என்றாலும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஓய்வு கிடைக்கும்போது சொல்லலாம் என்று நாட்களைக் கடத்தினேன். கோழை என்பதற்கு என்னைவிட வேறு ஆள் தேட வேண்டாம்.

பிறகு, கலாநிதிப் பட்டத்துக்காக நீ பல்கலைக்கழகத்தில் பேசும் நாள் வந்தது. நானும் அப்பாவும் கடைசி வரிசையில் இருந்தோம். பாதி ஜெர்மன், பாதி இங்கிலிஷ். ஆனால் படங்கள் போட்டாய், எனக்கு அரைவாசிக்கு மேல் விளங்கியது. வெளிச்சத்தை உணர்வது கண்ணுக்கு மிகவும் முந்தியது என்றாய். கண்ணே இல்லாத ஹைட்ராவின் உணர்கொம்பிலும் வெளிச்சம் பட்டால் உருமாறும் ஒரு புரதம் இருக்கிறது, நம் கண்ணுக்குள் இருப்பதும் அதன் சொந்தம்தான் என்றாய். நல்ல வெளிச்சத்தில் ஹைட்ராவின் கொட்டும் கலங்கள், அதுதான் செல்கள், அடங்கிக் கிடக்கும், மங்கினால் கொட்டத் தயாராகும் என்று காட்டினாய். ஜாம் போத்தல் ஞாபகம் வந்து நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜெல்லிமீன் குடும்பத்தில் கண் ஒரே தடவை தோன்றி எல்லாருக்கும் பங்கு பிரிந்து வரவில்லை, வெவ்வேறு கிளைகள் தனித்தனியாகப் பல தடவை கண்ணை உண்டாக்கிக்கொண்டன என்றாய். எனக்கு அது குசினிக் கணக்காக விளங்கியது. எல்லா வீட்டிலும் அரிசிமா இருக்கிறது, ஒருத்தி புட்டு அவிக்கிறாள், இன்னொருத்தி இடியப்பம் பிழிகிறாள், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி செய்யவில்லை. அப்பாவிடம் சொன்னேன். “சத்தம் போடாதையும்” என்றார். ஆனால் சிரித்தார்.

பெட்டி வடிவ ஜெல்லிமீனின் படத்தைப் போட்டபோது மண்டபத்தில் எல்லாரும் ஆவென்றார்கள். இருபத்து நாலு கண், நாலு காம்பில் ஆறு ஆறாக. அவற்றில் சிலவற்றுக்கு நம்முடையதைப்போல வில்லையும் உண்டு. காம்பின் நுனியில் ஒரு சின்னக் கல் பாரமாகத் தொங்குவதால், உடம்பு எப்படிப் புரண்டாலும் ஒரு கண் எப்போதும் மேலே பார்த்தபடியே இருக்கும், கரையோரச் சதுப்பில் நிற்கும் கண்டல் மரத்து இலைக்கூரையைப் பார்த்துத்தான் அது தன் இடத்தை அறியும் என்றாய். தண்ணீருக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பருவத்தில் அதற்குக் கண்ணே இல்லை, நீந்தப் புறப்படும்போதுதான் கண்கள் வருகின்றன என்றாய். எட்டு வருடத்தில் முதல்முறையாக, நீ என்ன படிக்கிறாய் என்று அறிந்துகொண்டேன். என்ன அழகான படிப்பு, தம்பி! இதையா நான் ஒளித்து வைத்தேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

கடைசியில் ஒரு வயதான அம்மா கேள்வி கேட்டார், கண்ணை மூடி விரலால் அழுத்தினால் ஏன் வெளிச்சம் தெரிகிறது என்று. நீ சிரித்தபடி சொன்னாய்: “வெளிச்சத்தைச் சொல்ல என்று உண்டான கலங்கள் அவை. அழுத்தினாலும் இழுத்தாலும் அவற்றுக்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான்.” பிறகு, சாதாரணமாக, “அதனால்தான் ஒன்றும் இல்லாத இடத்தில் மின்னல் தெரிந்தால் உடனே கண் டொக்டரிடம் போகவேண்டும். விழித்திரை இழுபட்டுக் கத்துகிறது என்று அர்த்தம்” என்றாய். உனக்குத் தெரிந்திருக்கிறது! இரண்டு வருடத்துக்கு முன் நான் அந்தப் பெயரை அழுத்தியிருந்தால், டொக்டராக இல்லாத நீ சரியான பதிலைச் சொல்லியிருப்பாய். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. உன்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தாமல் ரயிலைச் சாட்டாகச் சொல்லி ஓடிவந்தது அதனால்தான். அம்மாவுக்கு என் பேச்சுப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்ததாக அப்பா சொன்னார். அப்படி நினைக்காதே.

போன செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அக்கா இடக்கண்ணில் கை வைத்தார். “பிள்ளை, இந்தக் கண்ணிலயும் மின்னுது. நேற்றில இருந்து.” அவரே தொடர்ந்து சொன்னார், “தம்பி ஜப்பானுக்குப் போக முன்னம் ஒருக்காக் கேட்பமோ?” நான் நிறுத்தச் சொல்லும் பொத்தானை அழுத்தினேன். இன்னும் மூன்று தரிப்பிடம் இருக்க, அவரை இறக்கி, டாக்சி பிடித்து நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம், “ஏன் பிள்ளை இந்த அவதி, வேலைக்குச் சொல்லேல்லையே” என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். இந்தமுறை ஒரு இளம் டொக்டர். வலக்கண்ணுக்கு முன்பு என்ன நடந்தது, எத்தனை நாள் பிந்தி வந்தார், ஏன் பிந்தினார் என்று கேட்டார். நான் ஜெர்மனில் முழுவதையும் சொன்னேன், ஃபோன் எடுக்காததையும் சேர்த்து. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார். விழித்திரையில் ஒரு சின்னக் கிழிசல், இன்னும் கழலவில்லை, இன்றைக்கே லேசர் வைத்து ஒட்டிவிடலாம் என்றார். அதை அக்காவுக்குச் சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

லேசர் முடிந்து வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டிருந்ததால் அக்காவுக்கு வெளிச்சம் குத்தியது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் வழக்கம்போல வலப்பக்கத்தில். “உள்ள அந்த டொக்டருக்கு நிறையக் கதைச்சீர், எனக்குக் கொஞ்சந்தான் சொன்னீர்” என்றார் அக்கா. எவ்வளவு கூர்மையான மனுசி! நான் அவரிடமும் முழுவதையும் சொன்னேன். குப்பைத் தொட்டி, உதடு அசைத்தது, முதல் டொக்டர் உண்மையில் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எடுக்க எனக்கு நாக்கு வரவில்லை. “அப்ப, தம்பி என்னதான் படிச்சவன்?” என்றார் அக்கா. “சொறிமுட்டை அக்கா. அதுக்கு எப்பிடிக் கண் வந்தது எண்டு.” பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணீர் வடிந்தது, வெளிச்சத்தாலா வேறு எதாலா என்று எனக்குத் தெரியாது. “எழும்பி இந்தப் பக்கம் வந்து இரும். உம்மட முகத்தைப் பாக்கோணும்” என்றார்.

இடப்பக்கம் போய் இருந்தேன். பார்த்தார், தம்பி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மிச்சமிருக்கும் அந்த ஒரு கண்ணால், கூசக் கூச, கண்ணை மூடாமல் பார்த்தார். பிறகு தனியாக எழுந்து தனியாக வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து முந்திய பஸ்ஸில் போகிறார். நேற்று மட்டும், விரிப்பு மடிக்கும்போது, நுனியைப் பார்த்துக்கொண்டே, “ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவான்தானே? நான் வாறன். அவனிட்ட ஒண்டு கேக்கோணும்” என்றார்.

அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் களைப்பு என்று சொன்னாயா என்று கேட்பார். நான் சொன்னதை அவர் இனி எப்படி நம்புவார், அதனால் உன் வாயால் கேட்க வருகிறார். நீ நல்ல பிள்ளை, அம்மா கூனிக் குறுகி நிற்பதைப் பார்த்து மனம் இளகி, ஏதோ சொன்ன ஞாபகம் என்று மழுப்பிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இரண்டு வருடமாக அக்காவின் வீட்டில், அந்தக் கண் போன கதையின் பக்கத்தில் உன் பெயர்தான் கிடந்தது. நான் வைத்தது. அதை எடுத்துவிடு. பிறகு அவர் விரும்பினால் உன் சொறிமுட்டைகளைப் பற்றிச் சொல்லு, அந்தப் படங்களைக் காட்டு, இடப்பக்கத்தில் இருந்து காட்டு. எனக்காக எதையும் கேட்காதே. என்னை மன்னிப்பதா இல்லையா என்பது அவருடைய பாடு, அதில் நீ தலையிடாதே.

ஞாயிற்றுக்கிழமை நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நிற்பேன், குசினிக்குள் போய் ஒளிய மாட்டேன். அக்கா கேட்பார். என் பக்கம் திரும்பாமல், அவரைப் பார்த்து, “இல்லை அன்ரி, அம்மா எனக்கு ஃபோன் எடுக்கவேயில்லை” என்று சொல்லிவிடு.

உன் அம்மா